நாலாவதாக ஒருத்தர்

எங்கள் வீட்டு ஆல்பத்தைப் புதிதாகப் புரட்டுகிறவர்கள் இரண்டாம் பக்கம் வருவதற்குள் "இவர் யாரு?" என்று கேட்டுவிடுவார்கள். நியாயமான கேள்விதான். முட்டுக்காடு படகுத் துறையில் நான் பாவாடை சட்டையோடு நிற்கிறேன். ஒரு பக்கம் அப்பா, இன்னொரு பக்கம் அம்மா. அம்மாவுக்கு அந்தப் பக்கம் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் போட்ட ஒருத்தர், சம்பந்தி வீட்டுக்காரர் மாதிரி உரிமையோடு சிரித்துக்கொண்டு நிற்கிறார். அவர் படகுக்காரர். அடுத்த பக்கத்தில் என் பிறந்தநாள். கேக்குக்குப் பின்னால் நாங்கள் மூவர், கூடவே அந்த நேரம் பார்த்து காஸ் சிலிண்டர் இறக்க வந்தவர். அவர் கையில் ஒரு துண்டு கேக்கும் இருக்கிறது. மாமல்லபுரம் கடற்கரைப் படத்தில் எங்களோடு நிற்பது வெயிலில் தக்காளியாகச் சிவந்துபோன ஒரு வெள்ளைக்காரர். எந்த நாட்டுக்காரர் என்று இன்றுவரை தெரியாது. அம்மா அவரைக் கையைப் பிடிக்காத குறையாக அழைத்துவந்து நிறுத்தினாள். அவர் அதை நம்மூர் விருந்தோம்பல் என்று நினைத்துக்கொண்டு விமானம் ஏறியிருப்பார்.

விஷயம் இதுதான். மூன்று பேராக நின்று போட்டோ எடுத்துக்கொள்ளக் கூடாது. எடுத்துக்கொண்டால் நடுவில் நிற்கிறவருக்கு ஆகாது. இது எங்கள் அம்மா கண்டுபிடித்த சட்டம் இல்லை, ஊரில் பாதி வீடுகளில் உண்டு. ஆனால் மற்ற வீடுகளில் இதனால் பெரிய தொந்தரவு இல்லை. ஒரு தம்பியோ அக்காவோ இருந்தால் கணக்கு தானாகச் சரியாகிவிடும். நான் ஒரே பெண். அப்பா, அம்மா, நான் என்று எண்ணினால் எப்படி எண்ணினாலும் மூன்றுதான் வரும். அதனால் எங்கள் குடும்பப் படம் ஒவ்வொன்றிலும் நாலாவதாக யாராவது ஒருத்தர் கட்டாயம் இருப்பார்.

அம்மா பிறந்து வளர்ந்தது செங்கல்பட்டில். அவளுடைய தாய்மாமன் ஒருவர் இரண்டு நண்பர்களோடு ஸ்டூடியோவில் படம் எடுத்துக்கொண்டாராம். நடுவில் நின்றது மாமன். மழைக்காலம் முடிவதற்குள் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அம்மாவுக்கு அப்போது சின்ன வயசு. அந்த மாமன்தான் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு தேர் பார்க்கப் போனவர். இதைச் சொல்லும்போது மட்டும் அம்மா கையில் இருக்கிற வேலையைக் கீழே வைத்துவிடுவாள்.

அப்பாவுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி வேலை. சட்டையில் கதிர்வீச்சை அளக்கிற பேட்ஜைக் குத்திக்கொண்டு தினமும் பஸ் ஏறிப் போய்வந்தவர். "மஞ்சள் காமாலை கேமரா வழியா வராது" என்று ஒரே ஒரு முறை சொல்லிப் பார்த்தார். அன்றைக்கு அம்மா அவருக்குச் சோறு போட்ட விதத்தைப் பார்த்தபிறகு அந்தப் பேச்சை எடுப்பதில்லை. கதிர்வீச்சோடு பழகிவிட்டவருக்கு அம்மாவின் புருவம் உயர்வது மட்டும் கடைசிவரை பழகவில்லை.

இப்படியே ஓடியிருக்கும். நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, கடற்கரைச் சாலையில் இருந்த ஒரு கல்லூரியில் விஷுவல் கம்யூனிகேஷன் சேர்ந்தேன். இரண்டாயிரம் பிறந்த புதிது. சிறுசேரியில் ஐ.டி. கட்டடங்கள் எழும்புகிற நேரம் என்பதால், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் கம்ப்யூட்டர் படிக்க ஓட, நான் மட்டும் கேமராவைக் கட்டிக்கொண்டு அழுதேன். முதல் வருடம் முடியப் போகிற சமயத்தில் அப்பாவுக்கு மாற்றல் வந்தது. ராஜஸ்தான். அம்மாவும் கூடப் போகிறாள். அலுவலகக் குடியிருப்பில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். நான் ஹாஸ்டலுக்கு.

பிறந்ததிலிருந்து ஒரு ராத்திரிகூட அம்மாவை விட்டுப் பிரிந்து இருந்தது கிடையாது. எல்லோரிடமும் ஜாலியாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன், "ஹாஸ்டல்ல கேக்க ஆள் இல்ல" என்று. ராத்திரியானால் அம்மா பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டேன். அப்போதுதான் எனக்கு அந்த ஆசை வந்தது. ஹாஸ்டலில் கட்டிலுக்கு மேலே ஒட்டிவைக்க ஒரு போட்டோ வேண்டும். நாங்கள் மூன்று பேர் மட்டும். படகுக்காரர் வேண்டாம், காஸ்காரர் வேண்டாம், எந்த நாட்டு வெள்ளைக்காரரும் வேண்டாம். பிறந்ததிலிருந்து அப்படி ஒரு படம் எங்களுக்கு இல்லை என்பது, அவர்கள் கிளம்பப் போகிறார்கள் என்றதும்தான் உறைத்தது.

அம்மாவிடம் கேட்டேன்.

"ஊருக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்துக்கலாம்மா."

"எடுத்துக்கலாமே. பக்கத்து வூட்டு மாமியக் கூப்புடு."

"மாமி இல்லாம."

"அப்ப வேணாம்."

பேச்சு அவ்வளவுதான். கெஞ்சினேன், சாப்பிடாமல் இருந்தேன், கதவைப் படாரென்று சாத்தினேன். அம்மா அசையவில்லை. "எத்தினி வாட்டி சொல்றது? ஆவாதுன்னா ஆவாது" என்று சொல்லிவிட்டு ரசத்துக்குத் தாளிக்கப் போய்விட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஒரு மூடநம்பிக்கை என் ஹாஸ்டல் சுவரைக் காலியாக வைக்கப் போகிறது என்று டைரக்டர் மாதிரி வசனமெல்லாம் பேசினேன்.

அந்த நேரத்தில்தான் படத்துக்குள் எதை எங்கே வைப்பது என்கிற காம்போசிஷன் பயிற்சிக்காக வகுப்பை வெளியே அழைத்துப் போகிறோம் என்று எங்கள் போட்டோகிராபி சார் அறிவித்தார். சார் என்றால் பெரிய வயசு இல்லை. எங்களைவிட நாலைந்து வருடம் மூத்தவர். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்ததால் சட்டையை இன் பண்ணிக்கொண்டு எப்போதும் வியர்த்துக்கொண்டிருப்பார். மாமல்லபுரம்தான் என்று நாங்கள் முடிவே கட்டிவிட்டோம். கடல், குளியல், பொரித்த மீன் என்று திட்டம் போட்டாயிற்று. சார் தலையை ஆட்டினார்.

"அங்க கண்ண மூடிக்கிட்டு கேமராவத் திருப்பினாலும் படம் நல்லா வந்துடும். அது உங்க காம்போசிஷன் இல்ல, அந்தக் கல்லச் செதுக்கினவரோடது. ஒண்ணுமே இல்லாத எடத்துல போய் எடுக்கணும். செங்கல்பட்டு பார்க்."

வகுப்பே முனகியது. பின்பெஞ்சில் இருந்த ஒல்லிப்பையன் ஒருத்தன், "இன்னா சார், பேஜார் பண்றீங்க" என்று வாய்விட்டே சொல்லிவிட்டான். அவன் உண்மையிலேயே ஒல்லி. திரும்பி நின்றால் காணாமல் போய்விடுவான் என்று கேலி பேசுவோம். அவனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் வேலை இருக்கிறது.

எனக்கு மட்டும் செங்கல்பட்டு என்றதும் காது நிமிர்ந்தது. அதே சனிக்கிழமைதான் அப்பாவும் அம்மாவும் ராஜஸ்தானுக்கு டிக்கெட் ரிசர்வ் செய்ய செங்கல்பட்டு ஸ்டேஷனுக்கு வருவதாக இருந்தார்கள். "முடிச்சிட்டு பார்க்குக்கு வாங்க, சேர்ந்து வீட்டுக்குப் போலாம்" என்று சொல்லிவைத்தேன். பயிற்சி, பாடம், கல்லூரி என்று ஊரைக் கூட்டிவைத்துக் கேட்டால் அம்மா மறுக்க மாட்டாள் என்பது என் கணக்கு.

ஆளுக்கு ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை கொண்டுவரச் சொல்லியிருந்தார் சார். கெட்டி அட்டையாக இருக்கும், அதன் நடுவில் நீளச்சதுரமாக ஓட்டை வெட்டிக்கொண்டு, ஒற்றைக் கண்ணால் அதன் வழியே பார்த்தால் அதுதான் ஃப்ரேம். கேமராவைத் தொடுவதற்கு முன்னால் இந்த ஓட்டையோடு பழக வேண்டும். நான் பெரியப்பா பெண் கல்யாணப் பத்திரிகையைக் கத்திரிக்கப் போனேன். அம்மா ஓடிவந்து பிடுங்கிக்கொண்டாள். முகப்பில் பிள்ளையார். பிள்ளையாரைத் தனியாகப் பிரித்துச் சாமி அலமாரியில் வைத்துவிட்டு, பின்னட்டையை மட்டும் என்னிடம் கொடுத்தாள். என்னுடைய ஃப்ரேமில் "தங்கள் நல்வரவை நாடும்" என்ற வரி மட்டும் ஓரத்தில் மிச்சம் இருந்தது.

திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் பிடித்துப் பார்க்குக்குப் போய்ச் சேர்ந்தோம். சார் சொன்னது பொய்யில்லை, ஒன்றுமே இல்லாத இடம்தான். தண்ணீர் வராத நீரூற்று. பெயிண்ட் உரிந்த சிமெண்ட் ஒட்டகச்சிவிங்கி. ஒரு கொம்பு உடைந்து உள்ளே இருந்த கம்பி நீட்டிக்கொண்டிருந்த சிமெண்ட் மான். வேலிக்கு அந்தப் பக்கம் ஏரி, இந்தப் பக்கம் ஏரியை மறைத்துக்கொண்டு ஒரு பெரிய குப்பைத்தொட்டி. பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்த ஜோடிகள் எங்கள் கேமராவைப் பார்த்ததும் துப்பட்டாவை முக்காடு போட்டுக்கொண்டு நடையைக் கட்டினார்கள். நாங்கள் வந்த அரைமணி நேரத்தில் பார்க்கில் காதலே இல்லாமல் போய்விட்டது.

சார் எங்களை வட்டமாக நிறுத்திப் பாடத்தை ஆரம்பித்தார்.

"இன்னிக்கு மூணு. ஃப்ரேம்ல மூணு விஷயம் இருக்கணும். ரெண்டு இருந்தா கண்ணு இதுக்கும் அதுக்குமா அலையும். நாலு இருந்தா ரெண்டு ரெண்டாப் பிரிஞ்சு போயிடும். மூணு இருந்தாதான் கண்ணு வெளிய போகாம உள்ளயே சுத்திக்கிட்டு இருக்கும்."

எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. எங்கள் வீட்டு வழக்கில் எனக்குச் சாதகமாக ஒரு கல்லூரியே சாட்சி சொன்ன மாதிரி இருந்தது.

அடுத்து அவர் சொன்னது: "வேண்டாதது ஏதாவது ஃப்ரேமுக்குள்ள வந்தே தீரும்னா, அத ஓரத்துல வைங்க. பிரிண்ட் போடறப்ப வெட்டிடலாம். படத்த ரெண்டு தடவை எடுக்கறோம். ஒண்ணு இங்க, ஒண்ணு இருட்டறையில."

வகுப்புக்கு ஒரே கேமரா, ஒரே கருப்பு வெள்ளை ரோல். ஆளுக்குச் சில ஷாட்தான். மூன்றைத் தேடி ஆளாளுக்குக் கிளம்பினோம். மூன்று காக்கைகளைத் துரத்திக்கொண்டு ஒரு கோஷ்டி போனது. ஃபோகஸ் செய்து முடிக்கும்போது சரியாக ஒரு காக்கை பறந்துவிடும். சுண்டல்காரரிடம் மூன்று பொட்டலம் வாங்கி வரிசையாக வைத்தவர்கள், வெளிச்சம் சரியாக வருவதற்குள் இரண்டைத் தின்றுவிட்டார்கள். ஒல்லிப்பையன் நண்பர்களின் செருப்புகளைக் கழற்றி வாங்கி முக்கோணமாக அடுக்கினான். வாட்ச்மேன் வெகு நேரம் இடுப்பில் கைவைத்துப் பார்த்துவிட்டு, "இன்னாப்பா, பார்க்க விக்கப் போறீங்களா?" என்று கேட்டார். நானும் மூன்று வாளி, மூன்று குழாய் என்று எதையோ எடுத்தேன். ஆனால் என் பங்கில் கடைசி ஷாட்டைத் தொடாமல் வைத்திருந்தேன்.

சாயங்காலம் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். அப்பா சட்டைப் பையில் டிக்கெட். அம்மா கையில் கொய்யாப்பழப் பை. டிக்கெட் கிடைத்துவிட்டது என்று அப்பா சந்தோஷமாகச் சொன்னார். கிடைக்காமல் இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

அம்மா என் கையில் இருந்ததைப் பார்த்தாள். "இன்னாடி இது, பத்திரிகைய ஓட்டை போட்டு வெச்சிருக்க?"

கண்ணில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். பார்த்தாள். சட்டென்று அவள் முகமே மாறிவிட்டது. "அட! ஏரி எவ்ளோ அழகா கீது. வெறுங்கண்ணுல பாத்தா இப்டித் தெரியலையே." பிறகு கொஞ்சம் திருப்பி, "ஆனா குப்பைத்தொட்டி வருதே" என்றாள்.

நான் முதல் வருடத்து மேதை அல்லவா? விடுவேனா? "அது ஓரத்துலதானம்மா இருக்கு. ஓரத்துல இருக்கிறத பிரிண்ட் போடறப்ப வெட்டிடலாம். அப்படி ஒண்ணு இருந்துச்சுன்னே யாருக்கும் தெரியாது" என்று சாருடைய பாடத்தை என் சொந்தச் சரக்கு மாதிரி எடுத்துவிட்டேன்.

அம்மா அந்த அட்டையைத் திருப்பித் தரவே இல்லை. பார்க் முழுக்கக் கண்ணில் வைத்துக்கொண்டே நடந்தாள். மானைப் பார்த்தாள், ஊஞ்சலைப் பார்த்தாள். பெஞ்சில் உட்கார்ந்து கொய்யாவைக் கடித்துக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்து, "இந்தப் பக்கம் நகருங்க, மூக்கு வெளிய போவுது" என்று அதட்டினாள். அப்பா மூக்கை உள்ளே கொண்டுவந்தார். அம்மாவை அவ்வளவு விளையாட்டுப் பிள்ளையாக நான் பார்த்ததே இல்லை. இதுதான் சமயம் என்று ஆரம்பித்தேன்.

"அம்மா, இன்னிக்குப் பாடமே மூணுதான். நீ, அப்பா, நான் நிக்கணும். சார் எடுப்பார்."

அட்டை கண்ணிலிருந்து இறங்கியது. புருவம் ஏறியது.

"மூணு பேரா நிக்க மாட்டேன்."

சார் உதவிக்கு வந்தார், பாவம். "ஆன்ட்டி, காம்போசிஷன்ல மூணுங்கிறது ரொம்ப முக்கியமான..."

"உங்க பாடம் சரிதான் சார். காக்காவ எடுங்க, செருப்ப எடுங்க. மனுசங்கள வேணாம்."

சார் கர்சீப்பை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு பின்வாங்கினார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. வகுப்பே வேடிக்கை பார்க்கிறது. "நீ கெளம்பிப் போயிடுவ, எனக்கு ஒரு படம்கூடக் கெடையாதா?" என்று கத்திவிட்டேன். குரல் உடைந்துபோய்விட்டது. அம்மா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்தச் சங்கடத்தைத் தாங்க முடியாமல் பையன்கள்தான் புகுந்தார்கள். "ஆன்ட்டி, நான் நிக்கிறேன்." "ஆன்ட்டி, நான் வரேன்." மூன்று பேர் கூடாது, நாலு பேர் என்றால் சரி என்பது அவர்களுக்குப் புரிந்துவிட்டது. எங்கள் குடும்பத்துக்கு நாலாவது ஆளாக ஒரு வகுப்பே வரிசையில் நின்றது. அம்மாவும் மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி ஒவ்வொருவனாக மேலும் கீழும் பார்த்தாள். அப்போதுதான் என் மூளையில் பல்பு எரிந்தது. வேண்டாததை ஓரத்தில் வைக்கலாம். ஓரத்தில் இருப்பதை வெட்டலாம்.

"இவன் நிக்கட்டும்" என்று ஒல்லிப்பையனைப் பிடித்தேன். வெட்டுவதற்குத் தோதான அகலம் அவன்தான். தனியாகத் தள்ளிக்கொண்டு போய் அவன் காதில் சொன்னேன், ஓரத்தில், கொஞ்சம் இடைவெளி விட்டு நில், பிரிண்டில் உன்னை வெட்டிவிடுவேன் என்று. "தாராளமா வெட்டிக்கோ. மதியமே பசியில பாதி செத்துட்டேன்" என்றான். மனசாட்சி கொஞ்சம் உறுத்தியது. நெகட்டிவில் நாலு பேர் இருக்கத்தானே போகிறார்கள், விதி நெகட்டிவோடு முடிந்துவிட்டது, பிரிண்டைப் பற்றி எந்தச் சாஸ்திரமும் ஒன்றும் சொல்லவில்லை என்று அதற்கும் ஒரு வாய்ப்பூட்டு போட்டேன்.

ஏரி பின்னால் வருகிற மாதிரி கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, ஃப்ரேமை நானே வைத்தேன். இடது கோடியில் ஒல்லி. அவனை விட்டு ஓர் அடி தள்ளி அப்பா. அடுத்து நான். வலது கோடியில் அம்மா. அப்பா உயரம், அம்மாவும் என்னைவிட உயரம். நடுவில் குள்ளமாக நான் நின்றால் மூன்று தலையும் சேர்ந்து கிண்ணம் மாதிரி வளைவாக வரும். வானம் வேறு மேகம் மூடி, நிழல் விழாத பதமான வெளிச்சம். சாரே கேமராவில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு "நல்லா இருக்கே" என்றார். கிளிக் செய்ய வேண்டியது மட்டும்தான் அவர் வேலை.

"ஏம்பா, யாரோ மாதிரி அவ்ளோ தூரத்துல நிக்கிற? ஒட்டி நில்லு" என்றாள் அம்மா, ஒல்லியைப் பார்த்து. அவன் மிரண்டுபோய் காலை நகர்த்தாமல் கையை மட்டும் நீட்டி அப்பாவின் தோளில் போட்டான். எனக்குப் பகீரென்றது. கையை எடுடா என்று கண்ணால் சைகை காட்டினேன். அவன் சிரிக்கச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு பல்லைக் காட்டினான்.

"ரெடி" என்றார் சார்.

"இரு சார், இரு. வெயில் மூஞ்சில அடிக்குது." அம்மா என்னைத் தோளைப் பிடித்துத் தன் இடத்துக்குத் தள்ளிவிட்டு, என் இடத்தில், அப்பாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். என் கையை எடுத்துத் தன் கையோடு இறுக்கிக்கொண்டாள்.

"அம்மா, எங்கம்மா வெயிலு? காம்போசிஷன் போச்சு!"

"எடு சார்" என்றாள் அம்மா. அம்மாவின் அதட்டலுக்குப் பழகாத சார் அழுத்திவிட்டார். என் கடைசி ஷாட் தீர்ந்தது.

வீட்டுக்குப் போகிற பஸ் முழுக்க அம்மாவைத் திட்டிக்கொண்டே வந்தேன். வளைவாக வரவேண்டிய தலைகள் மாடிப்படி மாதிரி இறங்கப் போவதைப் பற்றி, இல்லாத வெயிலைப் பற்றி, படிக்கிற பிள்ளையின் உழைப்பைப் பற்றி நீளமாகப் பேசினேன். அப்பா தூங்கிவிட்டார். அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு எதற்கும் பதில் சொல்லாமல் வந்தாள். வழக்கமாக என் ஒரு வார்த்தைக்கு அவளிடமிருந்து ஒன்பது வார்த்தை வரும். குற்ற உணர்ச்சிதான் போல என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

அடுத்த வாரம் இருட்டறையில் என் முறை வந்தது. சிவப்பு விளக்குக்கு அடியில், நெகட்டிவைப் பெரிதாக்கிக் காகிதத்தில் விழவைக்கிற கருவியின் விளிம்புத் தகட்டை நகர்த்தி, ஒல்லியை ஒரேயடியாக வெளியே தள்ளினேன். காகிதத்தை ரசாயனத் தட்டில் போட்டு ஆட்டியபோது முதலில் ஏரி வந்தது, பிறகு அப்பா, அம்மா, நான். மூன்று பேர். நாங்கள் மட்டும். தட்டுக்கு மேலே குனிந்துகொண்டு தனியாகச் சிரித்தேன். கூடவே அப்பாவின் தோளில் நாலு விரல்களும் முளைத்து வந்தன. அவற்றை மட்டும் மறுபடி ஒளி காட்டிக் கறுப்பாக்கப் பார்த்தேன். விரல் போய், அப்பாவின் தோளில் காக்கை உட்கார்ந்துவிட்டுப் போன மாதிரி ஒரு கறை நின்றது. பரவாயில்லை, காக்கை மனுஷக் கணக்கில் வராது.

சார் ஈரப் பிரிண்டை விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். தலைகள் மாடிப்படி மாதிரி இறங்குவதைப் பற்றிச் சொல்லித் திட்டுவார் என்று காத்திருந்தேன். "நடுவுல இருக்கறவங்கதான் படத்தையே பிடிச்சு வெச்சிருக்காங்க" என்றார். அப்போதுதான் நன்றாகப் பார்த்தேன். அப்பா தோளில் விழுந்த கையைத் திரும்பிப் பார்க்கிறார். நான் உம்மென்று முறைக்கிறேன். அம்மா ஒருத்திதான் கேமராவை நேராகப் பார்க்கிறாள். சிரிக்கவில்லை. ஊசி போட்டுக்கொள்ளக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறவர்கள் மாதிரி ஒரு முகம். கேமராக் கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் அதைக் காட்டவில்லை. ஹாஸ்டல் பெட்டியில், துணிகளுக்கு அடியில் வைத்தேன். அவர்கள் கிளம்பிய பிறகு சுவரில் ஒட்டிக்கொள்ளலாம், அம்மா ராஜஸ்தானிலிருந்து வந்தா பார்க்கப் போகிறாள்?

கிளம்புகிற நாளும் வந்தது. சென்னையில் ரயில். சாமான்களை இருக்கைக்கு அடியில் திணித்தாயிற்று. அப்பா தண்ணீர் பாட்டில் வாங்க இறங்கிப் போனார். நான் நடைமேடையில் நின்றேன். அம்மா ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். வாய் நிறையப் புத்திமதி வைத்திருப்பாள் என்று தயாராக இருந்தேன். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"அந்தப் போட்டோவ கழுவிட்டியா?"

"கழுவிட்டேன்."

"அந்தப் புள்ளய வெட்டிட்டியா?"

கண்டபடி திட்டப் போகிறாள் என்று பயந்தேன். "இல்லம்மா, நெகட்டிவ்ல நாலு பேர்தான்" என்று ஏதோ உளறினேன்.

"வெட்டினா மூணுதான்டி." அம்மா திட்டுகிற குரலில் சொல்லவில்லை. "நீதான அட்டைய குடுத்து சொன்ன, ஓரத்துல கீறத வெட்டிடலாம்னு. அந்தப் புள்ள காதுல நீ குசுகுசுன்னு ஓதறப்பவே தெரிஞ்சிபோச்சி."

"தெரிஞ்சேவா நின்ன?"

"உனக்கு அவ்ளோ ஆசையா கீது. ஒரு போட்டோகூட இல்லாம உன்ன உட்டுட்டு எப்டிப் போறது?"

"அப்ப வெயில் அடிக்குதுன்னு..."

"வெயில் எங்கடி அடிச்சிது? உன்ன நடுவுல நிக்க வெச்சிகினு இருந்த. அப்டியே உட்டுட்டு ராஜஸ்தான்ல போய் நான் தூங்க முடியுமா?"

கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "பயமா இல்லியாம்மா?" என்றேன்.

"பயம்தான். அன்னிலேர்ந்து தெனமும் பயந்துகினுதான் கீறேன்" என்று சொல்லிவிட்டு, சொன்னதற்கு வெட்கப்பட்டவள் போலப் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அப்பா தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்து ஏறினார். ரயில் நகர்ந்தது. அம்மாவுக்கு அதற்குப் பிறகு ஒன்றும் ஆகவில்லை. நேற்றுகூடப் போனில் என்னை ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாள். ஆனால் அன்றைக்கு அந்த நடைமேடையில் எங்கள் இருவருக்கும் அது தெரியாது. நான் ரயிலோடு கூடவே நடந்தேன், பிறகு ஓடினேன். யார் பார்த்தாலும் பரவாயில்லை என்று வாய்விட்டு அழுதுகொண்டே ஓடினேன். நான் கேலி செய்த அந்த ஆபத்தை அம்மா ஒரு துளிகூடச் சந்தேகப்படாமல் நம்பினாள். நம்பிக்கொண்டேதான் எனக்கு ஒரு போட்டோ வேண்டும் என்பதற்காக நடுவில் வந்து நின்றாள்.